ஆற்றுத்துறையில் மாற்றிச் சொன்னது

1593, மார்ச் 2

மொழிபெயர்ப்பாளனாக வந்து சேர்ந்தேன். கோட்டை என்றார்கள். நான்கு பக்கமும் மண்ணைக் குவித்து அதன்மேல் மரக்கட்டைகளை நட்டிருக்கிறார்கள். நடுவில் ஒரு கூடம், ஒரு லாயம், அறுபது சிப்பாய்கள். அறுபது பேருக்கும் இருமல். இதற்குக் கோட்டை என்று பெயர் வைத்தவர் காப்டன் ஸ்டான்விக். இங்கிலாந்து ராணியாரின் பெயரால், அயர்லாந்தின் வடக்கே அல்ஸ்டரின் இந்த மூலையை ஆள வந்திருப்பவர். இதுவரை அவர் ஆண்டது இந்த முற்றத்தைத்தான்.

என்னை அவர் பார்த்த பார்வையில், டப்ளினில் கம்பளி வியாபாரம் செய்யும் டார்டிஸ் குடும்பத்தின் மூன்றாவது மகன் கிறிஸ்டபர் என்பதெல்லாம் கரைந்துவிட்டது. "ஐரிஷ் பேசுவியா?" என்றார். பேசுவேன் என்றேன். "எங்க கத்துக்கிட்டே?" எங்கள் வீட்டுச் சமையல்காரியிடம் என்றேன். சிரித்தார்.

ஆங்கிலமும் ஐரிஷும் தெரிந்தவனுக்கு ஒரு தண்டனை உண்டு. இரண்டு பக்கத்து முட்டாள்தனத்தையும் அவன் நேரடியாகக் கேட்டாக வேண்டும்.

மார்ச் 5

மழை. ரொட்டியில் வண்டு. வண்டுதான் ருசி.

மார்ச் 9

காப்டன் இன்று விஷயத்தைச் சொன்னார். ஆற்றுக்கு அக்கரையில் இருபது மைல் நிலம் ஃபெலிம் என்ற தலைவனுடையது. அவன் முன்னோர் நானூறு வருடமாக அங்கே மாடு மேய்க்கிறார்கள், அடுத்தவர் மாட்டை ஓட்டி வருகிறார்கள், அதைப் பாடச் சொல்லிக் கேட்கிறார்கள். இப்போது ஃபெலிம் தன் நிலம் முழுவதையும் ராணியாரிடம் எழுதிக் கொடுக்க வேண்டும். ராணியார் அதே நிலத்தை அவனுக்கே பட்டயம் போட்டுத் திருப்பித் தருவார். அதன்பின் உறவினர் கூடித் தலைவனைத் தேர்ந்தெடுக்கும் வழக்கம் ஒழியும். அவன் ராணியாரின் குடி. இவர் அவனுக்கு மேல் அதிகாரி.

தன் சட்டையைக் கழற்றிக் கொடுத்துவிட்டு அதையே பரிசாக வாங்கிக்கொள்ளும் அளவுக்கு மூடன் இருப்பானா என்று யோசித்தேன். ஐந்து தலைவர்கள் ஏற்கெனவே கையெழுத்துப் போட்டாயிற்றாம்.

மார்ச் 14

ஃபெலிமின் வீட்டுக்குப் போய் வந்தேன். என்னோடு வந்த சிப்பாய்கள் வழிநெடுக ஜபம் சொல்லிக்கொண்டு வந்தார்கள். வீரர்கள்.

கல்லால் கட்டிய கோபுரம், அதை ஒட்டி வைக்கோல் கூரை போட்ட நீண்ட கூடம். உள்ளே புகை, நாய், நாற்பது பேர். எல்லோரும் கணுக்கால்வரை தொங்கும் கம்பளிப் போர்வைக்குள். அந்தப் போர்வையிலேயே தூங்கி, அதிலேயே சண்டை போட்டு, அதிலேயே புதைக்கப்படுகிறார்கள். இடையில் துவைப்பதாகத் தெரியவில்லை. முடியை நெற்றியில் கற்றையாக வளர்த்துக் கண்ணை மறைத்துக்கொள்கிறார்கள். எதையும் சரியாகப் பார்க்கக் கூடாது என்ற தீர்மானம் போலும். சதுப்பு நிலத்தில் புதைத்து எடுத்த வெண்ணெயைத் தந்தார்கள். புதைத்தவர்கள் அப்படியே விட்டிருக்கலாம்.

ஃபெலிம் நாற்பது வயதுக்காரன். கனத்த உடம்பு, மெதுவான பேச்சு. காப்டனின் கோரிக்கையைச் சொன்னேன். அவன் நெருப்பில் ஒரு கட்டையைத் தள்ளினான்.

"நெலம் என்னோடதுன்னு யார் சொன்னா?" என்றான். "நான் இருக்கிறவரைக்கும் பாத்துக்கச் சொல்லிக் குடுத்திருக்காங்க. எனக்கப்புறம் தம்பி. என்னோடது இல்லாததை நான் எப்படி எழுதிக் குடுக்கிறது?"

இது தந்திரமா, வெகுளித்தனமா என்று தெரியவில்லை. வெகுளித்தனம் என்றே முடிவு செய்தேன்.

தம்பி காஹல் பக்கத்தில் நின்றான். அண்ணனுக்குப்பின் தலைவன் என்று உறவினர் ஏற்கெனவே தேர்ந்து வைத்திருப்பவன். அழகன், அது அவனுக்குத் தெரியும். பாதிரியார்களிடம் லத்தீன் படித்தவன், அது எல்லோருக்கும் தெரிய வேண்டும் என்று நினைப்பவன். நான் வாசலைக் கடக்கும்போது லத்தீனில் ஏதோ மேற்கோள் சொன்னான். இலக்கணம் தப்பு.

மார்ச் 22

மறுபடி அங்கே. இன்னொரு கடிதம், இன்னொரு மறுப்பு. ஃபெலிம் ஒரு பசு வழக்கைத் தீர்த்துக்கொண்டிருந்ததால் அரை நாள் காக்க வைத்தான். ஒரு விதவையின் பசு பக்கத்து வயலில் மேய்ந்துவிட்டது. அதற்கு இரண்டு தரப்பிலும் பதினோரு சாட்சி. பசுவைத் தவிர எல்லோரையும் விசாரித்தான். கடைசியில் விதவை பக்கம் தீர்ப்பு. தோற்றவனும் தலையாட்டிவிட்டுப் போனான். டப்ளின் நீதிமன்றத்தில் இதற்குள் விதவை செத்திருப்பாள் என்று எண்ணிக்கொண்டேன். எண்ணியதை இங்கே எழுத வேண்டிய அவசியமில்லை.

காத்திருந்தபோது ஃபெலிமின் மனைவி நுவாலா வந்து எதிரில் உட்கார்ந்தாள். உயரமானவள், முகத்தில் சிரிப்பு கிடையாது.

"டப்ளின்காரரே, உங்க பேச்சு எங்க கத்தது?"

"எங்க வீட்டுச் சமையல்காரி சொல்லிக் குடுத்தா."

"நாய்க்குட்டியைக் கூப்பிட ஒரு வார்த்தை சொன்னீங்களே இப்ப. அது லீட்ரிம் பக்கத்துப் பொம்பளைங்க சொல்ற வார்த்தை. மடியில வச்சுக்கிட்டுக் கொழந்தைங்ககிட்ட மட்டும்தான் சொல்வாங்க."

நான் நாய்க்குட்டியைத் தள்ளிவிட்டேன். அவள் விடவில்லை.

"அவங்க உயிரோட இருக்காங்களா?"

"இல்ல."

"உங்க அப்பா அவங்களக் கல்யாணம் பண்ணிக்கிட்டாரா?"

வேலை இருக்கிறது என்று எழுந்தேன். இந்த நாட்டில் அந்நியர் குடும்ப விஷயம் கேட்பதற்கு யாரும் வெட்கப்படுவதில்லை. அம்மா அடுப்படியில்தான் சாப்பிட்டாள் என்பதற்கும் இவளுக்கும் என்ன சம்பந்தம்?

ஏப்ரல் 1

காப்டன் திட்டத்தை மாற்றிவிட்டார். இனிமேல் கடிதம் இல்லையாம், விருந்தாம். ஃபெலிமையும் அவன் ஆட்களையும் பதினான்காம் தேதி மதிய உணவுக்கு அழைக்கப் போகிறார். உயிருக்கும் உடைமைக்கும் ஆபத்தில்லை என்று ராணியாரின் பெயரால் ஓர் உறுதிப் பத்திரத்தை நான்தான் எழுதினேன். நல்ல கையெழுத்து.

பத்திரத்தை எடுத்துக்கொண்டு கூடத்துக்குப் போனேன். தச்சன் கதவில் வேலை செய்துகொண்டிருந்தான். கதவுக்கு வெளிப்பக்கம் தடித்த தாழ்ப்பாள். சாப்பிடும் அறைக்கு வெளியே எதற்குத் தாழ்ப்பாள் என்று கேட்டேன். "எலி வருதுங்க" என்றான் தச்சன், என்னைப் பார்க்காமல்.

காப்டன் பத்திரத்தில் முத்திரை வைத்தார். "அன்னைக்கு நீ கதவுப் பக்கமா உட்காரு டார்டிஸ். நான் இனிப்பு கொண்டுவரச் சொன்னதும் எழுந்து வெளிய வந்துடு. நானும் வந்துடுவேன்."

"அவங்க?"

"அவங்களுக்கு ஜன்னல் வழியா பரிமாறுவாங்க" என்றார். தன் நகைச்சுவையைத் தானே ரசித்தார்.

ஏப்ரல் 2

எழுத ஒன்றுமில்லை.

ஏப்ரல் 3

எனக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. நான் பேசுகிறவன் இல்லை, ஒருவர் பேச்சு இன்னொருவர் காதுக்குப் போகும் வழி. தண்ணீரில் விஷம் இருந்தால் வாய்க்காலைக் குற்றம் சொல்வார்களா?

ஏப்ரல் 6

ஆற்றுத்துறையில் சந்திப்பு. தண்ணீர் இடுப்பளவு. நடுவில் ஒரு மணல்திட்டு. இந்தக் கரையில் காப்டன், எதிர்க்கரையில் ஃபெலிம் குதிரைமேல், பக்கத்தில் காஹல். திட்டில் நான், இடுப்புவரை நனைந்து, இருவருக்கும் பொதுவான கழுதையாக.

காப்டன் இதற்கென ஒரு பேச்சு தயார் செய்திருந்தார். நேரில் கேட்டால் கல்லும் கரையும். "ஃபெலிமின் தகப்பனார் என் மேசையில் சாப்பிட்டவர். நான் மதிக்கிற மனிதர். பதினான்காம் தேதி விருந்தில் அவர் மகன் என் வலப்பக்கம் உட்கார வேண்டும். என் சொந்த சகோதரனுக்கு என்ன செய்வேனோ அதை அவருக்குச் செய்வேன்."

நான் எதிர்க்கரையைப் பார்த்துத் திரும்பினேன். ஃபெலிம் குனிந்து, கையைக் காதருகே வைத்துக் கேட்டான். பசு வழக்குக்கும் அப்படித்தான் கேட்டான்.

"உங்க அப்பா என் மேசைக்குக் கீழ எலும்பு பொறுக்கினவர்" என்றேன். "பதினாலாம் தேதி விருந்துக்கு மகனும் வந்து அதே எடத்துல உட்காரட்டும். மிச்சம் விழும்."

ஃபெலிமின் முகம் கழுத்துவரை சிவந்தது. வாளில் வைத்த கையை எடுத்துவிட்டான். குதிரையைத் திருப்பிக்கொண்டு போனான். அவன் ஆட்களும் போனார்கள். காஹல் மட்டும் கொஞ்சம் நின்று, இக்கரையில் இன்னும் புன்னகைத்துக்கொண்டே நிற்கும் காப்டனையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தான்.

"என்ன ஆச்சு அவனுக்கு?" என்றார் காப்டன்.

"அப்பா பேரை எடுத்ததும் துக்கம் வந்துடுச்சு துரை. இவங்க வழக்கம் அப்படி."

ஏன் அப்படிச் சொன்னேன்? கால் விறைத்துப் போயிருந்தது. சீக்கிரம் கரையேற வேண்டும். அவ்வளவுதான். அந்த மாட்டுக்காரன் செத்தாலும் இருந்தாலும் எனக்கு ஒன்றுதான்.

ஏப்ரல் 7

நன்றாகத் தூங்கினேன். இங்கே வந்ததிலிருந்து முதல் முறை.

ஏப்ரல் 11

தூதுவன் வந்தான். ஃபெலிம் வரமாட்டானாம். அண்ணனுக்குப் பதில் காஹல் பன்னிரண்டு பேரோடு விருந்துக்கு வருகிறானாம்! காப்டனிடம் தனியாகப் பேச வேண்டுமாம். அதாவது பட்டயத்தில் அண்ணன் பெயருக்குப் பதில் தன் பெயரை எழுதச் சொல்லப் போகிறான். உறவினர் தேர்ந்து கொடுத்த இடத்துக்குக் காத்திருக்கப் பொறுமையில்லை.

இந்த மடையனை நான் கணக்கில் எடுக்கவே இல்லை.

காப்டன் கொடுத்த உறுதிப் பத்திரத்தோடு தூதுவன் தனியாக இருந்தபோது, "காஹலை வர வேண்டாம்னு சொல்லு" என்றேன். "நீங்க யாரு அதைச் சொல்றதுக்கு?" என்று கேட்டான். நியாயமான கேள்வி.

ஏப்ரல் 16

ஃபெலிமின் கூடத்தில் இருந்து எழுதுகிறேன். ஒரு கால் செருப்பு இல்லை. நடந்ததை ஒழுங்காக எழுத முயற்சி செய்கிறேன்.

பதினான்காம் தேதி மதியம் காஹல் வந்தான். புதுச் சட்டை, ஆங்கிலப் பாணியில் வெட்டிய முடி. நெற்றிக் கற்றையை எடுத்துவிட்டால் சின்னப் பையன் முகம். அவனுடைய பன்னிரண்டு பேரும் வாள்களை வாசலில் மரியாதையாக அடுக்கி வைத்துவிட்டு உள்ளே வந்தார்கள். நான் எழுதிக் கொடுத்த பத்திரம் காஹலின் இடுப்பில் செருகியிருந்தது.

சாப்பாட்டுக்கு நடுவில் காஹல் லத்தீனில் ஆரம்பித்தான். காப்டனுக்கும் பள்ளிக்கூட லத்தீன் உண்டு. இருவருக்கும் இடையில் நான் தேவைப்படவில்லை. அண்ணன் ஏன் வரவில்லை என்று காப்டன் கேட்டார். எலும்பு, மேசை, மிச்சம் எல்லாவற்றையும் காஹல் சொன்னான். தனக்கு அதில் வருத்தமில்லை என்றும் சேர்த்துக்கொண்டான்.

காப்டன் ரொட்டியைக் கீழே வைத்தார். என்னைப் பார்த்துச் சிரித்தார். "டார்டிஸ், நீ இந்தப் பக்கம் வந்து உட்காரு. ஜன்னலுக்கு நேரா. இன்னைக்கு நீ எங்கேயும் எழுந்து போக வேண்டாம்."

நான் காஹலிடம் ஐரிஷில் சொன்னேன். குரலை உயர்த்தவில்லை, உப்பு கேட்பது போலத்தான் சொன்னேன். "கதவுக்கு வெளியே தாழ்ப்பாள் இருக்கு. ஜன்னலுக்கு அந்தப் பக்கம் துப்பாக்கி இருக்கு. இப்பவே எல்லாரையும் கூட்டிக்கிட்டு எழுந்திரு."

காஹல் சிரித்தான். "ஆத்துல சொன்ன மாதிரியா? காப்டன் அப்படிச் சொல்லவே இல்லைன்னு இப்பதான் தெரிஞ்சுது. உன் பேச்சை இன்னொரு தடவை நம்பணுமா?"

உண்மை சொல்லும்போது என் முகம் எப்படி இருக்கும் என்று அவனுக்கு எப்படித் தெரியும்?

"இனிப்பு கொண்டுவாங்க" என்று சொல்லிக்கொண்டே காப்டன் வெளியே போனார். தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்டது. அப்போதுதான் காஹல் என்னைப் பார்த்தான். கோபம் இல்லை. கணக்கில் பிழை கண்டுபிடித்த மாணவன் பார்ப்பது போல.

முதல் வெடியில் நான்கு பேர் விழுந்தார்கள். மற்றவர்கள் பெஞ்சுகளைத் தூக்கி ஜன்னலை அடைத்தார்கள். கூடத்துக்கும் சமையலறைக்கும் நடுவில் தட்டு நீட்டும் சிறிய திறப்பு உண்டு. காஹலின் தோளுக்கு அது போதாது. அவன் என் இடுப்பைப் பிடித்துத் தூக்கினான்.

"நீ ஒல்லி. போ. அண்ணன்கிட்ட சொல்லு."

"என்ன சொல்லணும்?"

"நான் எதுக்கு வந்தேன்னு மட்டும் சொல்லாதே."

தள்ளிவிட்டான். சமையல்காரர்கள் ஓடிப்போயிருந்தார்கள். கழிவுநீர் வாய்க்கால் வழியாக ஆற்றுக்கு வந்தேன். பின்னால் சத்தம் நெடுநேரம் கேட்டது, பிறகு நின்றது.

ஃபெலிம் முழுவதையும் நின்றுகொண்டே கேட்டான். நுவாலா நடுவில் ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "அந்த எலும்புப் பேச்சு காப்டனோடதா, உங்களோடதா?"

"என்னோடது."

"அவன் நெஜமா என்ன சொன்னான்?"

சொன்னேன். தகப்பனார், வலப்பக்கம், சொந்த சகோதரன், எல்லாவற்றையும்.

"அதைக் கேட்டிருந்தா நான் போயிருப்பேன்" என்றான் ஃபெலிம். சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். "தம்பி எதுக்குப் போனான்?"

"உங்களுக்குப் பதிலா சமாதானம் பேச" என்றேன்.

நுவாலா என் முகத்தை உற்றுப் பார்த்தாள். பிறகு ஓட்ஸ் ரொட்டி கொண்டுவந்து வைத்தாள். கருகிய ரொட்டி. முழுவதும் தின்றேன்.

ஏப்ரல் 18

யாரும் என்னோடு பேசவில்லை. செத்த பன்னிரண்டு பேரில் ஒருவனின் மனைவி இன்று என் காலடியில் துப்பினாள். சரியாகக் குறி பார்க்கத் தெரியவில்லை. என் மேல் பட்டிருக்க வேண்டும்.

ஏப்ரல் 19

காப்டன் ஆற்றுத்துறைக்கு வந்தார். முப்பது துப்பாக்கிக்காரர்கள், ஒரு வண்டி. வண்டியில் காஹலின் உடல். இம்முறை நான் எதிர்க்கரையில், ஃபெலிமின் குதிரைக்குப் பக்கத்தில் நின்றேன்.

அவர் கத்திச் சொன்னார். நான் வரிக்கு வரி சொன்னேன். ஒரு சொல்லும் கூட்டவில்லை, குறைக்கவில்லை. "டார்டிஸை உயிரோடு என்னிடம் கொடு. உன் தம்பியை எடுத்துக்கொள். டார்டிஸுக்குத் தூக்குக் கயிறு தயாராக இருக்கிறது, அதற்கு உயிருள்ள கழுத்துதான் வேண்டும்."

கூட்டம் முழுக்க என்னைப் பார்த்தது. நானாக இருந்தால் கொடுத்திருப்பேன். நாலைந்து நாள் பழகிய பொய்யனைக் கொடுத்துக் கூடப் பிறந்தவனை வாங்குவது நல்ல வியாபாரம்.

ஃபெலிம் குனிந்து கேட்டான். "அவ்வளவுதானா சொன்னான்? சரியாச் சொன்னியா?"

"இன்னைக்குச் சரியாத்தான் சொன்னேன்."

"அப்ப இதையும் சரியாச் சொல்லு. இந்த ஆள் என் வீட்டுல சாப்பிட்டிருக்கான். சாப்பிட்டவனைக் குடுக்கிற பழக்கம் எங்களுக்கு இல்ல. அது உங்க பழக்கம்."

சொன்னேன். ஒரு சொல்லை இரண்டு முறை சொல்ல வேண்டியிருந்தது. குளிர்.

காப்டன் கையசைத்தார். இரண்டு சிப்பாய்கள் உடலை இழுத்துவந்து நடுத்திட்டில் போட்டுவிட்டுத் திரும்பினார்கள். பாதி மணலில், பாதி தண்ணீரில். முப்பது துப்பாக்கியும் திட்டைக் குறிவைத்தன. "வந்து எடுத்துக்கோ" என்றார். இதை மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை. ஃபெலிம் குதிரையிலிருந்து இறங்கினான். நுவாலா அவன் கையைப் பிடித்தாள். அவன் விடுவித்துக்கொண்டான்.

இவர்களுக்குக் கணக்கே தெரியாது. திட்டில் கால் வைக்கும் ஐரிஷ்காரன் எவனும் திரும்ப மாட்டான். ஆனால் கயிற்றுக்கு உயிருள்ள கழுத்து வேண்டும் என்று இப்போதுதான் அந்த ஆளே கத்தினார். அந்த ஆற்றில் சுடப்படாமல் இறங்கக்கூடியவன் ஒருவன்தான். எளிய கூட்டல்.

நான் இறங்கினேன். யாரோ பின்னாலிருந்து சட்டையைப் பிடித்தார்கள், சட்டை கிழிந்தது. தண்ணீர் மார்வரை ஏறிவிட்டிருந்தது. காஹல் கனமாக இருந்தான். முகத்தைப் பார்க்காமல் அக்குளில் கை கொடுத்து இழுத்தேன். துப்பாக்கிகள் என்னோடு சேர்ந்து நகர்ந்தன. காப்டன் கரையோரம் வரை இறங்கி வந்து, என்னிடம் மட்டும் ஆங்கிலத்தில் பேசினார். கத்தவில்லை. நிதானமாக, நண்பனிடம் பேசுவது போல. இப்போதே இந்தப் பக்கம் வந்தால் கயிறு இல்லை, மன்னிப்பு உண்டு, அக்கரைக் காட்டுக்கு வழி மட்டும் காட்டினால் போதும், கோடைக்குள் டப்ளினில் அப்பா வீட்டில் இருக்கலாம் என்றார். தன் சொல் காப்பாற்றப்படும் என்பதற்குத் தன் கௌரவமே சாட்சி என்றும் சொன்னார். அந்தச் சாட்சியைத்தான் நான் இழுத்துக்கொண்டிருந்தேன்.

அப்படியே இழுத்தேன். கயிற்றுக்கு வேண்டிய கழுத்தை யாரும் சுடவில்லை. கரை வந்தபோது பத்துக் கைகள் தண்ணீருக்குள் நீண்டு காஹலை வாங்கின. இரண்டு கைகள் என்னையும் தூக்கின. ஃபெலிமின் கைகள்.

"அவ்வளவு நேரம் என்ன பேசினான்?" என்று கேட்டான்.

இருபது வருடமாக யார் என்ன சொன்னாலும் மொழிபெயர்த்தவன் நான்.

"மொழிபெயர்க்கிற அளவுக்கு ஒண்ணுமில்ல" என்றேன்.